ரன் பிளாக்கிங் சொதப்புகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். பார்க்கிற எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம்: "லைன் சரியில்லை." பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்குக்கு எதிராளிகளைத் தள்ளி வழிவிடுவதுதான் ரன் பிளாக்கிங், அதைச் செய்கிற முன்வரிசை ஐந்து பேர்தான் லைன். ரன்னிங் பேக் பந்தை வாங்கினார், நாலு பேர் மேலே விழுந்தார்கள், ஒரு யார்டு, அவ்வளவுதான், நாமும் லைனைத் திட்டிவிட்டு டீ போட எழுந்துவிடுகிறோம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கிடம் போய் "வண்டி சரியில்லைண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் சும்மா விடுவாரா? கிக்கர் மிதிபடுகிறதா, சத்தம் வருகிறதா, வந்து அணைகிறதா என்று வரிசையாகக் கேட்பார். இதற்கும் அப்படிக் கேள்விகள் உண்டு. ஓட்டம் எந்த இடத்தில், எத்தனையாவது அடியில் செத்தது என்று பார்த்தால் ஐந்து பேரில் யாரிடம் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சில சமயம் ஐந்து பேரிடமுமே இல்லை என்றும் தெரியவரும்.

திட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் நிறுத்துங்கள்

டிவி கேமரா பக்கவாட்டிலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு போகும், அதில் லைன் ஒரு குவியலாகத்தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது பயிற்சியாளர்கள் பார்க்கிற, இருபத்திரண்டு பேரும் தெரிகிற ஆல்-22 படம். அமெரிக்காவில் என்.எஃப்.எல். பிளஸ் பிரீமியம் சந்தாவில் அது கிடைக்கிறது. அதிலும் மைதானத்தின் முனையான எண்ட் ஜோன் பக்கம் உயரத்திலிருந்து எடுத்த கோணத்தைப் போடுங்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டாக்கிள்கள், ஐந்து முதுகும் தனித்தனியாகத் தெரியும்.

முதல் நிறுத்தம் ஸ்நாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவதற்கு, சற்று முன்னால். பாக்ஸில், அதாவது லைனுக்கு எதிரே நெருங்கி நிற்கிற எதிரணி ஆட்டக்காரர்களை எண்ணுங்கள். ஐந்து லைன்மேன், லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற ஒரு டைட் எண்ட் என்று உங்களிடம் ஆறு பேர் தடுக்க இருந்து, எதிரே எட்டுப் பேர் நின்றால், இரண்டு பேரை யாருமே தொட முடியாது. அது கணக்கில் உள்ள பிரச்சினை, பிளாக்கிங்கில் இல்லை. இரண்டாவது நிறுத்தம் பந்து கைமாறும் நொடி. மூன்றாவது நிறுத்தம் ரன்னிங் பேக் மீது முதல் கை படும் இடம். இந்த மூன்றாவது இடம்தான் முக்கியம், கீழே உள்ள எல்லாமே அதை வைத்துத்தான். ஒரே ஒரு ஓட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், ஒரு ஆட்டத்தில் குறைந்தது பத்து ஓட்டமாவது பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு நோயாளி வேண்டுமென்றால் டாம்பா பே பக்கனீர்ஸை விடப் பொருத்தமானவர்கள் கிடையாது. 2022-இல் டாம் பிரேடியின் கடைசிப் பருவத்தில் அவர்கள் ஓடிச் சேர்த்தது ஆட்டத்துக்குச் சராசரி 76.9 யார்டு, லீகில் கடைசி இடம். 2023-இல் 88.8, மறுபடியும் கடைசி. 2024-இல் 149.2, லீகில் நான்காவது. மூன்றே பருவத்தில் படுத்த படுக்கையிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறார்கள். என்ன மாறியது என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

பந்து வாங்கியதுமே பின்னால் வைத்து அடிவாங்குகிறார்

முதல் கை ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே படுகிறது. மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. ஒரு ஆட்டத்தில் மூன்று நான்கு முறை இப்படி ஆனால் ஆட்டமே நாசம், ஏனென்றால் இரண்டாவது டவுனில் (பத்து யார்டு சேர்க்கக் கிடைக்கிற நான்கு முயற்சியில் இரண்டாவது) 12 யார்டு வேண்டும் என்ற நிலையில் எந்தப் பயிற்சியாளரும் மறுபடி ஓட விடமாட்டார்.

இரண்டாவது நிறுத்தத்துக்குப் போய்ப் பாருங்கள், லைனைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர் யார், எந்த இரண்டு பேருக்கு நடுவே வந்தார்? சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே என்றால் முதலில் சென்டரைச் சந்தேகப்படுங்கள். பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட்டு, அதே நொடியில் முதல் அடியையும் எடுத்துவைக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அந்த அடி தப்பான திசையில் போனாலோ, ஒரு நொடியின் சின்னத் துண்டு தாமதமானாலோ, எதிரணியில் அவருக்கு நேர் எதிரே நிற்கிற நோஸ் டாக்கிள் அவர் தோளைத் தாண்டிவிடுவார். ஸ்நாப்புக்கு முன் எதிரணியின் வரிசையைப் பார்த்து யார் யாரைப் பிடிப்பது என்று பெரும்பாலும் கூவிச் சொல்பவரும் சென்டர்தான். அவர் தப்பாகக் கூவினால் ஐந்து பேரும் ஒற்றுமையாகத் தப்பு செய்வார்கள். படத்தில் இது எப்படித் தெரியும் என்றால், இரண்டு பேர் ஒரே ஆளை அடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் யாரும் தொடாமலே உள்ளே நடந்து வருவார்.

பக்கனீர்ஸுக்கு 2022-இல் நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு. அந்த வருடம் பிப்ரவரியில் இடது கார்ட் அலி மார்ப்பெட் 28 வயதிலேயே ஓய்வு பெற்றார், மார்ச்சில் வலது கார்ட் அலெக்ஸ் காப்பா சின்சினாட்டிக்குப் போய்விட்டார், ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கி இரண்டாவது நாளே சென்டர் ரயன் ஜென்சனின் முழங்கால் போனது. நடுவில் இருந்த மூன்று பேரும் ஆறு மாதத்துக்குள் காலி. ஓரத்தில் டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் மாதிரி ஒரு டாக்கிள் மலை போல நின்றிருந்தும், நடுவில் ஓட்டை இருந்தால் ஓட்டம் அங்கேயே செத்துவிடுகிறது.

உள்ளே வந்தவர் ஓட்டம் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாரா? அப்படியானால் வேறு கோளாறு. பவர், கவுன்ட்டர் மாதிரி ஆட்டங்களில் ஒரு கார்ட் தன் இடத்தை விட்டுக் கிளம்பி, லைனுக்குப் பின்னாலேயே ஓடி, மறுபக்கம் போய் அடிப்பார். 1960-களில் வின்ஸ் லம்பார்டியின் கிரீன் பே அணியில் ஜெரி கிரேமரும் ஃபஸ்ஸி தர்ஸ்டனும் இரண்டு கார்டுகளாக இப்படிக் கிளம்பித்தான் ஸ்வீப் என்ற அந்தப் புகழ்பெற்ற ஓரத்து ஓட்டத்தை ஓட வைத்தார்கள். கார்ட் கிளம்பியதும் அவர் நின்ற இடம் காலி, அதைச் சென்டர் பின்பக்கமாக வந்து அடைக்க வேண்டும். அடைக்கத் தவறினால், எதிரணியின் நடு வரிசையில் இருந்த டிஃபென்ஸிவ் டாக்கிள் கிளம்பிய கார்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து ரன்னிங் பேக்கைப் பிடித்துவிடுவார். பாவம், டிவியில் பார்ப்பவர்கள் திட்டுவது கிளம்பிப்போன கார்டை.

லைன் முழுதும் ஒரே பக்கமாக நகர்ந்து தடுக்கிற ஜோன் ஆட்டங்களில் இந்தப் பின்பக்கத்தைக் காப்பது 2016-க்குப் பிறகு இன்னும் கடினமாகிவிட்டது. ஒருவர் மேலே பிடித்திருக்க, இன்னொருவர் கால்களைக் குறிவைத்து விழுகிற சாப் பிளாக்கை லீக் அந்த வருடம் முழுவதுமாகத் தடை செய்தது. எதிராளியின் முழங்காலுக்கு நல்லது, பின்பக்க டாக்கிளுக்குக் கஷ்டம்.

யாரும் உள்ளே வரவில்லை, ஆனாலும் ஒரு யார்டுதான்

இதுதான் எரிச்சலூட்டுவது. எவரும் தப்பு செய்த மாதிரியே தெரியாது. எல்லோரும் ஆளுக்கொருவரைப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் லைன் ஸ்நாப்புக்கு முன் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கிறது. ரன்னிங் பேக் யாரோ ஒரு லைன்மேனின் முதுகில் மோதி விழுகிறார்.

இங்கே ஹெல்மெட்டையோ கைகளையோ பார்க்காதீர்கள், இடுப்பையும் கால்களையும் பாருங்கள். இடிபட்ட நொடியில் கால் நின்றுவிட்டதா? தோள்பட்டை எதிராளியின் தோளை விட உயரத்தில் இருக்கிறதா? 140 கிலோ ஆள் நிமிர்ந்து நின்றால் அவரை 120 கிலோ ஆள் தாங்கிப் பிடித்துவிடலாம், குனிந்து கீழிருந்து தள்ளினால் முடியாது. கல்லூரி அணிகள் பலவும் இப்போது ஆட்டக்காரர்களை அகலமாகப் பரப்பி நிறுத்துகிற ஸ்பிரெட் ஆட்டம் ஆடுவதால் கையைத் தரையில் ஊன்றாமல் நின்றுகொண்டே தொடங்கிப் பழகிய லைன்மேன்கள் நிறைய வருகிறார்கள், அவர்களுக்கு இந்தக் குனிவு இயல்பாக வருவதில்லை. அதைச் சரிசெய்ய, தலைக்குச் சற்று மேலே இரும்புக் கூரை போட்ட சூட் என்ற கூண்டுக்குள் குனிந்தபடியே பாய விடுவார்கள். நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும்.

அடுத்து டபுள் டீமைப் பாருங்கள், இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுகிற இடம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஓட்டம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இங்கேதான். வலது கார்டும் வலது டாக்கிளும் தங்களுக்கு நடுவே நிற்கிற டிஃபென்ஸிவ் டாக்கிளைத் தள்ள வேண்டும் என்று வையுங்கள். கார்ட் நேராக நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிறார், டாக்கிள் பக்கவாட்டிலிருந்து தோளுக்குக் கீழே புகுந்து தூக்குகிறார். இரண்டு பேரின் இடுப்பும் ஒட்டிக்கொள்ள வேண்டும், நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பயிற்சியாளர்கள் இதற்கு "நான்கு கை, நான்கு கண்" என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: நான்கு கைகளும் முன்னால் நிற்பவன் மேல், நான்கு கண்களும் அவனுக்குப் பின்னால் இருக்கிற லைன்பேக்கர் மேல். படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு இடுப்புக்கும் நடுவே புல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அடுத்த அரை நொடியில் என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்: எதிராளி ஒரு தோளைத் திருப்பி அந்த இடைவெளியில் நுழைந்துவிடுவார், அல்லது ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி அங்கேயே ஒரு குவியலை உண்டாக்குவார். இரண்டு பேரைத் தன்னிடம் கட்டிப்போட்டாலே அவர் வேலை முடிந்தது.

இதற்கு மருந்து ஒன்றுதான், தோள் கவசமான பேட் அணிந்து ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது. ஆனால் அதற்குத்தான் நேரமில்லை. 2011-இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், வழக்கமான பருவம் முழுவதற்கும் பேட் அணிந்த பயிற்சி 14 என்று வரம்பு வைத்தார்கள், கோடையில் ஒரே நாளில் இரண்டு முறை பேட் அணிந்து மோதுவதும் போனது. பந்தை எறிபவரைக் காக்கிற பாஸ் தடுப்பைப் பேட் இல்லாமல் ஓரளவு பழகலாம், கைவேலையும் கால்வேலையும்தானே. ஒருவரைக் கீழிருந்து கிளப்பி மூன்று யார்டு தள்ளுவதை அப்படிப் பழக முடியாது. செப்டம்பரில் பல அணிகளின் ஓட்டம் தடுமாறி, அக்டோபரில் கொஞ்சம் நிதானத்துக்கு வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முன்னால் நிற்பவர்களைத் தள்ளிவிட்டார்கள், லைன்பேக்கர் வந்து பிடித்துவிடுகிறார்

மூன்று யார்டு, நான்கு யார்டு. மோசமில்லை, ஆனால் அதற்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது, பத்து யார்டு ஓட்டம் ஒன்றுகூட இல்லை. இது மேலே சொன்ன டபுள் டீமின் இரண்டாம் பாதி. இரண்டு பேரில் ஒருவர் சரியான நேரத்தில் விட்டுவிட்டு லைன்பேக்கரிடம் போக வேண்டும். சீக்கிரம் போனால் முன்னால் நிற்பவர் தப்பிவிடுவார், தாமதமானால் லைன்பேக்கர் தப்பிவிடுவார். லைன்பேக்கர் வெளிப்பக்கம் வந்தால் டாக்கிள் போவார், உட்பக்கம் வந்தால் கார்ட் போவார், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல். பக்கத்து வீட்டுக்காரரோடு பதினைந்து வருடம் சேர்ந்து கட்டில் தூக்கியவர்கள் மாடிப்படி திரும்பும்போது பேசிக்கொள்வதில்லை பாருங்கள், அந்த மாதிரி. ஜோடி மாறினால் இது முதலில் போய்விடும். பத்து ஓட்டம் பார்த்து, விடுவது எப்போதும் தாமதமா எப்போதும் சீக்கிரமா என்று குறியுங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் பயிற்சியில் திருத்தலாம். சில முறை தாமதம், சில முறை சீக்கிரம் என்றால் அவர்கள் இன்னும் சேர்ந்து பழகவில்லை என்று அர்த்தம், பொறுக்க வேண்டியதுதான்.

வெளிப்பக்கம் ஓடினால் ஓரக்கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டே போகிறது

அவுட்சைட் ஜோனில் ஐந்து பேரும் ஒரே பக்கமாக ஓடியபடி, ஆளுக்கொரு எதிராளியின் வெளித்தோளைப் பிடிக்க வேண்டும். கடைசியில் நிற்கிற எட்ஜ் ஆளை டைட் எண்டால் வளைத்துப் பிடிக்க முடியவில்லை என்றால் ஓட்டம் ஓரக்கோட்டை நோக்கி நீண்டுகொண்டே போய் அங்கே செத்துவிடும். ஆனால் இங்கே நான் பாதிப் பழியை ரன்னிங் பேக் மேல்தான் போடுவேன். வெளியே வழியில்லை என்று தெரிந்தால் ஒரே ஒரு வெட்டு வெட்டி உள்ளே திரும்பி மேலே ஓடிவிட வேண்டும், தயங்கி ஆடக் கூடாது. டென்வரில் மைக் ஷனஹான் தலைமைப் பயிற்சியாளராகவும் அலெக்ஸ் கிப்ஸ் லைன் பயிற்சியாளராகவும் இருந்தபோது இதுதான் சட்டம். 1998-இல் டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடினார். அடுத்த வருடம் அவர் காயப்பட, ஒலாண்டிஸ் கேரி 1,159, அதற்கடுத்த வருடம் மைக் ஆண்டர்சன் 1,487. ஆள் மாற மாற ஆயிரம் யார்டு வந்துகொண்டே இருந்தது.

இன்னொன்றும் பாருங்கள், எதிரணி கோட்டின் மேலேயே ஆறு பேரை வரிசையாக நிறுத்தியிருக்கிறதா? 2018 பருவத்தில் ஷான் மெக்வேயின் ராம்ஸ் இந்த ஓட்டத்தை வைத்துத்தான் எல்லோரையும் அடித்தார்கள். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து ஆறு பேரைக் கோட்டில் நிறுத்தி, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் ஆள் என்று அடைத்துவிட்டது. டாட் கர்லிக்கு 10 ஓட்டத்தில் 35 யார்டு, ராம்ஸ் எடுத்தது மொத்தமே 3 புள்ளி. அன்றைக்கு லைனைத் திட்டினவர்கள் ஆறு பேர் நின்றதை எண்ணவில்லை.

ஒரு யார்டு வேண்டிய இடத்தில் ஒரு யார்டு கிடைப்பதில்லை

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. யார் தாழ்வாகப் போகிறாரோ அவர் ஜெயிப்பார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் டஷ் புஷ்ஷை, அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிற ஆட்டத்தை, ஸ்லோ மோஷனில் பாருங்கள், அவர்கள் லைன்மேன்கள் புல்லை முகர்ந்து பார்க்கிற உயரத்தில்தான் இருப்பார்கள். 2025 மே மாதம் அதைத் தடை செய்ய உரிமையாளர்கள் வாக்கெடுத்தார்கள், 24 வாக்கு வேண்டும், 22 கிடைத்தது. உங்கள் அணி ஒரு யார்டு வேண்டும்போது ஷாட்கன்னில், ஐந்து யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குகிறது என்றால், லைனைத் திட்டாமல் ஆட்டத்தை அழைத்தவரைத் திட்டுங்கள்.

நல்ல ஓட்டம் வரும்போதெல்லாம் கொடி விழுகிறது

ஹோல்டிங், அதாவது எதிராளியைப் பிடித்து இழுத்த தப்புக்கு நடுவர் போடுகிற கொடி, பத்து யார்டு பின்னால். இதை ஒழுக்கக் குறைவு என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால் முந்தியிருந்தால் கை எதிராளியின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும், நடுவர் கண்டுகொள்வதில்லை. கால் பிந்தியவர்தான் வெளித்தோள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். அதனால் கொடி யார் மேல் விழுந்தது என்று பார்த்துவிட்டு, அவருடைய முதல் இரண்டு அடியைப் போய்ப் பாருங்கள். காயத்தோடு ஆடுகிறவர்களிடம் இது திடீரென்று கூடும்.

படத்தில் எல்லாம் சரி, எண்கள் மட்டும் மோசம்

அப்போது ஓடுபவரைப் பாருங்கள். சாக்வான் பார்க்லி 2023-இல் ஜயன்ட்ஸ் அணியில் 962 யார்டு, ஓட்டத்துக்கு 3.9. 2024-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 யார்டு, ஓட்டத்துக்கு 5.8. இதை மட்டும் பார்த்தால் எல்லாமே லைன் என்று சொல்லத் தோன்றும். பக்கனீர்ஸில் மறுபக்கம் தெரிகிறது. 2023-இல் ரஷாட் வைட் 272 முறை ஓடி 990 யார்டு, ஓட்டத்துக்கு 3.6. 2024-இல் புதுச் சென்டராக கிரஹாம் பார்ட்டன் வந்தார், டியூக் பல்கலையில் இடது டாக்கிளாக ஆடியவர். தாக்குதல் ஆட்டத்தை வகுக்கிற புது ஆஃபென்ஸிவ் கோஆர்டினேட்டராக லியம் கோயன் வந்தார். அதே வைட் 4.3-க்கு ஏறினார். ஆனால் அதே லைனுக்குப் பின்னால் புதுமுகம் பக்கி இர்விங் 207 ஓட்டத்தில் 1,122, அதாவது 5.4. 3.6-இலிருந்து 4.3 வரை லைனுக்கும் திட்டத்துக்கும் போகட்டும், அதற்கு மேலே உள்ள பெரும்பகுதியை நான் இர்விங் கணக்கில் எழுதுவேன். இது துல்லியமான அறிவியல் இல்லைதான், ஆனால் ஒரே அணியில் ஒரே பருவத்தில் இரண்டு பேர் ஓடினால் இந்தச் சோதனையை நீங்களே பென்சில் வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

பக்கனீர்ஸ் பற்றி இன்னொரு சங்கதி. 2022-இல் இடது கார்டாகத் தடுமாறி, ரசிகர்களிடம் மாட்டிக்கொண்டு முழித்த லூக் கெடிக்கியை 2023-இல் வலது டாக்கிளுக்கு மாற்றினார்கள், அங்கே அவர் நிலைத்துவிட்டார். ஆள் கெட்டவர் இல்லை, இடம் தப்பு. தூக்கி எறிவதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்ப்பதும் ஒரு வைத்தியம்.

வாரத்துக்கு ஒரு கோளாறு, ஒன்றுகூடத் திரும்ப வருவதில்லை

போன வாரம் சென்டர், இந்த வாரம் பின்பக்கம், அதற்கு முந்தின வாரம் ஹோல்டிங். இப்படி அலைந்தால் படத்தை மூடிவிட்டுக் காயப் பட்டியலைத் திறங்கள். 2024-இல் பார்க்லிக்கு வழிவிட்ட ஈகிள்ஸ் லைன் ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்கை பெக்டன், லேன் ஜான்சன். சூப்பர் பௌலை 40-22 என்று ஜெயித்த கையோடு பெக்டன் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார், ஜர்கன்ஸுக்கு முதுகில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில் டிக்கர்சனுக்கு முழங்காலில், நவம்பரில் ஜான்சனுக்குப் பாதத்தில் காயம். 2025-இல் அதே பார்க்லி ஓடின ஓட்டம் முந்தின வருடத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. அப்போதைய லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் சாதாரண ஆளில்லை. அமெரிக்கக் கால்பந்தை அதுவரை ஆடியே இராத சிட்னி ரக்பி ஆளான மைலாட்டாவை 2018-இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்டின் ஏழாவது சுற்றில் எடுத்து, இடது டாக்கிளாக ஆக்கிக் காட்டியவர். அவராலேயே அந்த வருடம் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை.

இந்த நிலையில் அணிகள் செய்வது என்னவென்றால், பத்து வகை ஓட்டத்தை மூன்றாகக் குறைப்பது, குவார்ட்டர்பேக்கைச் சென்டருக்கு நேர் பின்னால் நிறுத்துவது, அப்புறம் டைட் எண்ட் இடத்தில் ஆறாவதாக ஒரு லைன்மேனை இறக்குவது. நடுவர் மைக்கில் இன்ன எண் எலிஜிபிளாக, அதாவது பாஸைப் பிடிக்கத் தகுதியுள்ளவராக, பதிவு செய்திருக்கிறார் என்று அறிவிப்பார், அதைக் கேட்டதும் படத்தை நிறுத்திப் பாக்ஸை மறுபடி எண்ணுங்கள். நம் பக்கம் ஒரு ஆள் கூடும்போது எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் ஒரு ஆள் கூடிவிடுவார், ஆறுக்கு ஏழாக இருந்தது ஏழுக்கு எட்டாகிவிடும். அப்படி ஆன பிறகும் நான்கு யார்டு வந்தால் அந்த ஆறாவது ஆளின் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரமும் அவரை இறக்குவார்கள்.